வால்வு இல்லாமல் ஜாஸ்: ஒரு மலிவு ஆம்ப் பிறந்த கதை

ஹைதராபாத்தில் கிட்டார் விற்கும் கடை எதிலாவது சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆம்ப் வாங்க வருகிற பையன்கள் எல்லோரும் முதலில் கெயின் நாபை முழுக்கத் திருப்புவார்கள். டிஸ்டார்ஷன் காதைக் கிழிக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே விதவிதமான ஆம்ப்களின் சத்தம் அடைத்திருக்கிறது என்று கடைக்காரர் சொல்லிவிட்டால், அத்தனையையும் ஒரு சுற்று சுற்றாமல் கையை எடுக்கமாட்டார்கள். எப்போதாவது ஜாஸ் வாசிக்கிற ஆள் ஒருவர் வருவார். 'க்ளீன்' என்ற இடத்தில் நாபை நிறுத்துவார். எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைப்பார். ட்ரெபிளைக் குறைத்து நாலு கார்ட் வாசித்துவிட்டு, "இது போதும்" என்பார். கடைக்காரர் முகத்தில் ஈயாடாது. இத்தனை வசதி வைத்த பெட்டியை இவர் இப்படி வீணடிக்கிறாரே என்றிருக்கும் அவருக்கு.

வீணடிக்கவில்லை. இந்தப் பெட்டியின் முன்னோரைத் தேடிப் போனால் வந்து சேருவது ஜாஸ்காரர்களிடம்தான்.

1930-களின் ஜாஸ் குழுக்களில் கிட்டார் ஒரு பாவப்பட்ட வாத்தியம். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்குகிற மேடையில் கிட்டார்காரர் தாளம் தட்டுவதுபோல் கார்ட் போட்டுக்கொண்டிருப்பார். தனியாக வாசித்தால் யாருக்கும் கேட்காது. 1936-ல் கிப்சன் கம்பெனி இ.எஸ்.150 என்ற மின்சார கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிட்டார், அதற்கான ஆம்ப், இரண்டையும் இணைக்கும் கேபிள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 டாலர். ஆம்ப் என்றால் சின்ன வால்வுப் பெட்டி, சுமார் 15 வாட். ஓக்லஹோமாவில் வளர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் இதை வைத்துக்கொண்டு 1939-ல் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். சாக்ஸபோன்காரர் வாசிப்பதுபோல் நீளமான ஒற்றை ஸ்வர வரிசைகளை கிட்டாரில் வாசித்தார். 1942-ல், 25 வயதில், காசநோயில் இறந்துபோனார். அவர் கேட்டது ஒன்றுதான்: ஸ்வரம் தெளிவாகவும் உருண்டையாகவும், பக்கத்து வாத்தியத்துக்குச் சமமாகவும் கேட்கவேண்டும்.

அதே வால்வுப் பெட்டியை அளவுக்கு மீறித் திருப்பினால் சத்தம் உறுமும். வால்வு திணறும்போது அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல மழுக்கும். அதனால் அந்த உறுமல் காதுக்கு இதமாக இருக்கும். ப்ளூஸ்காரர்களும் பின்னால் வந்த ராக்காரர்களும் அதில் மயங்கினார்கள். வால்வு ஆம்புக்கு இன்றைக்கும் இருக்கிற புகழில் பெரும்பகுதி அது திணறும் அழகுக்குக் கிடைத்த புகழ். ஜாஸ்காரருக்கு அந்தத் திணறல் வேண்டாம். அவர் ஒரே கார்டில் ஐந்தாறு ஸ்வரம் வைப்பார்; பெட்டி உறுமினால் அந்த கார்ட் கூழாகிவிடும்.

ஆகவே வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வந்தபோது அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது கிட்டார் ஆம்புக்குள் நுழைய பதினைந்து இருபது வருடம் ஆயிற்று. முதல் முயற்சிகள் சுமார்தான். 1966-ல் ஃபெண்டர் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் பழுதுக்குப் பெயர்பெற்று, சில வருடங்களில் மூட்டைகட்டப்பட்டன. அளவு மீறினால் டிரான்சிஸ்டர் அலையைக் கத்தியால் வெட்டினாற்போல் வெட்டும், அது காதில் குத்தும் என்பதால் ராக்காரர்கள் பெரும்பாலும் அதைத் தொடவில்லை. ஜாஸ்காரர் அளவை மீறுவதே இல்லையே!

1970-களில் டாமி குமினா என்ற அக்கார்டியன் கலைஞர் பாலிடோன் என்ற கம்பெனியை நடத்தினார். அதன் 'மினி ப்ரூட்' ஆம்ப், பெயருக்கேற்ற சின்ன முரட்டுப் பெட்டி. ஜோ பாஸ் போன்ற பெரிய ஜாஸ் கைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயின. எடை குறைவு, அவ்வளவாகச் சூடாவதில்லை, வால்வு மாற்றும் தொல்லை இல்லை. ஜப்பானில் இகுதாரோ ககேஹாஷி 1972-ல் தொடங்கிய ரோலண்ட் கம்பெனி 1975-ல் ஜே.சி.120 என்ற ஆம்பைக் கொண்டுவந்தது. 60 வாட் வீதம் இரண்டு ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, நடுவில் மிதக்கிற கோரஸ் சத்தம். ஜே.சி. என்றால் ஜாஸ் கோரஸ். வேடிக்கை என்னவென்றால், ஜாஸ் பெயர் வைத்துக்கொண்டு வந்த அந்தப் பெட்டியை உலகப் பிரசித்தம் ஆக்கியவர்கள் பாப், ராக் குழுக்கள்தான். 1978-ல் அதே கம்பெனி 'க்யூப்' என்று சின்னப் பெட்டிகளை விட்டது. அந்தப் பழைய க்யூப்-60-ஐ இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் தேடுகிற ஜாஸ்காரர்கள் உண்டு.

கதையின் இந்தப் பாதி முடிகிற இடத்தில் ஜாஸ்காரர் வால்விலிருந்து ஏற்கெனவே பாதி விடுதலை ஆகிவிட்டார். அடுத்த பாதியை எழுதியவர்கள் அவரை மனதில் வைத்தே எழுதவில்லை.

1995-ல் ரோலண்ட், வி.ஜி.8 என்ற கருவியில் 'காஸ்ம்' என்ற முறையைக் கொண்டுவந்தது. கிட்டார், பிக்கப், ஆம்ப், ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் சத்தத்தை எப்படி மாற்றுகிறது என்பதைக் கணக்காக்கி, சிப்புக்குள் ஓட்டும் 'மாடலிங்' முறை அது. அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் மார்கஸ் ரைல், மிஷெல் டுவாடிக் என்ற இரண்டு பொறியாளர்கள், மற்ற கம்பெனிகளுக்கு சின்தசைசரும் ரெக்கார்டரும் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திரைமறைவில் கிட்டார் வேலையும் நடந்தது. வாடிக்கையாளர்கள் ஆபீசுக்கு வந்துவிட்டால், கிட்டார் சத்தத்தை நிறுத்துங்கள் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவிக்க, 'ஆறாவது லைனில் போன்' என்று ரிசப்ஷனில் அறிவிப்பார்களாம். அந்தச் சங்கேதமே கம்பெனியின் பெயராயிற்று: லைன் 6. 1996-ல் அவர்கள் கொண்டுவந்த ஆக்ஸிஸ் 212-தான் டிஜிட்டல் மாடலிங் முறையில் வந்த முதல் கிட்டார் ஆம்ப். 1998-ல் சிவப்பு நிற அவரை விதை வடிவத்தில் 'போட்' என்ற பெட்டி வந்து, ரெக்கார்டிங் அறைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. பிறகு சிப் விலை இறங்க இறங்க ஆம்ப் விலையும் இறங்கியது. லைன் 6-ன் ஸ்பைடர், ரோலண்டின் புதிய க்யூப், பென்சில் பேட்டரியிலேயே ஓடுகிற மைக்ரோ க்யூப், ஃபெண்டரின் மஸ்டாங், யமஹாவின் டி.எச்.ஆர். என்று வரிசையாக வந்தன. 2016-ல் ரோலண்டின் இளைய கம்பெனியான பாஸ், 'கட்டானா' ஆம்பை விட்டது. (ஜோ பாஸ் வேறு, இந்த பாஸ் வேறு.) உள்ளே கணக்குப் போடும் சிப், வெளியே தள்ளும் டிரான்சிஸ்டர், 12 அங்குல ஸ்பீக்கர். கட்டானா-50-ல் சக்தியை 50 வாட்டிலிருந்து 25-க்கும் அரை வாட்டுக்கும் இறக்கிக்கொள்ளலாம். மொத்த எடை சுமார் 12 கிலோ.

விளம்பரங்களில் கிழிகிற சத்தம்தான் பேசப்பட்டது. ஜாஸ்காரருக்கு இதில் என்ன கிடைத்தது என்பதைச் சொல்ல, ஹைதராபாத்தின் மைக் செட் காலத்துக்குக் கொஞ்சம் போகவேண்டும்.

இந்த ஊருக்கு டிரான்சிஸ்டர் ஒன்றும் அந்நியமில்லை. 1967-ல் அணுசக்தித் துறையின் கீழ் இங்கே தொடங்கிய இ.சி.ஐ.எல். நிறுவனம் கம்ப்யூட்டரும் டிவியும் செய்தது. அதை உருவாக்கிய ஏ.எஸ். ராவ் பெயரில் ஒரு குடியிருப்பே இருக்கிறது. பஸ்ஸில் ஏறி 'இ.சி.ஐ.எல்.' என்று கேட்டால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற அளவுக்கு அது ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. கோட்டியில் குஜராத்தி கல்லிக்குப் போனால் ஆம்ப்ளிஃபயர் போர்டு, டிரான்சிஸ்டர், ஸ்பீக்கர் கோன் என்று உதிரியாகக் கிடைக்கும். ஆனால் கிட்டாருக்கென்று செய்த ஆம்ப் அந்தக் காலத்தில் அபூர்வம். இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் சேர்ந்து கதவை அடைத்திருந்தன. பெங்களூரில் பிறந்து கல்கத்தாவில் கடைசிவரை பீபாப் ஜாஸ் வாசித்த கிட்டார் கலைஞர் கார்ல்டன் கிட்டோவின் (1942–2016) தலைமுறை முழுக்க அந்த அடைத்த கதவுக்கு இந்தப் பக்கம்தான் வாசித்தது. சர்ச்சிலும் கல்யாண மேடையிலும் கிட்டார்காரர்கள் பெரும்பாலும் மைக் செட்டிலேயே கேபிளைச் சொருகினார்கள். அப்படிச் சொருகினால் கிட்டார் தகரத்தைத் தட்டினாற்போல் கேட்கும்.

காரணம் ஆம்ப் இல்லை, ஸ்பீக்கர். கிட்டாருக்கான ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் வெளியே விடாது. கம்பியின் கீச்சொலி, நகம் உரசுகிற சத்தம் எல்லாம் அங்கேயே அமுங்கிவிடும். நாம் ஜாஸ் கிட்டாரின் 'கதகதப்பு' என்று ரசிப்பதில் பாதி இந்தக் குறைபாடுதான். மைக் செட்டின் ட்வீட்டரும் ஹார்னும் அந்தக் கீச்சொலியைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து கொட்டும். ஹெட்ஃபோனும் அப்படியே. மாடலிங் வந்தபோது எல்லோரும் வால்வு நகலைப் பேசினார்கள். ஜாஸ்காரருக்குப் பெரிய வரவு அந்த ஸ்பீக்கர் பெட்டியின் நகல். ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும், ஒரு பழைய 12 அங்குல ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்த மாதிரியே கேட்கிறது.

செகந்திராபாத் மாரேட்பள்ளியில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கிற பகுதியில், எனக்குத் தெரிந்த அண்ணா ஒருவர் இப்படி ஒரு மாடலிங் பெட்டியில்தான் வாசிக்கிறார். பகலில் மாதாப்பூரில் வேலை. கீழ்வீட்டில் வயதானவர்கள் இருப்பதால் ராத்திரியில் அரை வாட்டுக்கு மேல் போவதில்லை. அவர் பெட்டியை அமைக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கிட்டாரில் கழுத்துப் பக்கத்து பிக்கப். டோன் நாப் பாதிக்கும் கீழே. கம்பி, விரல் வழுக்குகிற ஃப்ளாட்வவுண்ட். ஆம்பில் க்ளீன், கெயின் கால் பங்கு. ட்ரெபிள் பாதிக்கும் குறைவு, மிடில் பாதிக்கு மேல். பேஸைத்தான் எல்லோரும் தவறாக ஏற்றுவார்கள் என்றார். சின்ன அறையில் பெட்டியைச் சுவரோரம் வைத்தாலே பேஸ் தானாகக் கூடும். அதனால் அதை நன்றாக இறக்கிவிட்டு, பெட்டியை நாற்காலிமேல் தூக்கிவைத்தார். ரீவெர்ப் கொஞ்சம். பூஸ்டர், டிலே விளக்குகள் எல்லாம் அணைந்து கிடந்தன. சிலர் க்ளீனுக்குப் பதிலாக அக்கூஸ்டிக் என்ற இடத்தையும் வைத்துப் பார்ப்பார்கள். உட்கூடு உள்ள பெரிய கிட்டாருக்கு அது நன்றாகவே பொருந்தும்.

"இவ்வளவு சத்தம் உள்ளே வச்சிருக்கான், நீங்க ஒண்ணைத்தானே அண்ணா வாசிக்கிறீங்க?" என்றேன்.

"அந்த ஒண்ணே இன்னும் சரியா வரலையேப்பா" என்றார்.

அவர் வீட்டு அலமாரியில் ஒரு வால்வு ஆம்பும் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிற தம்பி வாங்கிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கே இருப்பதால் இப்படி வந்து சேர்ந்த ஆம்ப்கள் ஏராளம். அது 120 வோல்ட் சரக்கு. நம் 230-ல் நேராகச் சொருகினால் புகைதான் வரும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கூடவே வேண்டும். இந்திய வால்வு வாங்கிப் போடலாம் என்றால் அதுவும் இல்லை. பெங்களூரில் பி.இ.எல். ரேடியோ வால்வு செய்ததெல்லாம் பழங்கதை. இன்றைக்கு வால்வு வருவது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து. மே மாத ஹைதராபாத்தில் அதன் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க தனித் துணிச்சல் வேண்டும்.

இதெல்லாம் சொன்னாலும் மாடலிங் பெட்டியில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் கெட்டுப்போனால் கோட்டியில் ஒருவர் பின்மூடியைக் கழற்றி, எரிந்த டிரான்சிஸ்டரை மாற்றி, சாயங்காலத்துக்குள் கையில் கொடுப்பார். மாடலிங் பெட்டியின் போர்டிலோ எள்ளளவு எள்ளளவாக ஒட்டிய பாகங்கள். சிப் போனால் மொத்த போர்டையே மாற்றவேண்டும், அது கம்பெனி வைத்திருந்தால். சில வகைகளில் பாதி வசதி கம்ப்யூட்டரிலோ போனிலோ இணைத்தால்தான் திறக்கும். பத்து வருடம் கழித்து அதற்கான செயலி ஓடுமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். ஓடாவிட்டாலும் முன்பக்க நாப்கள் வேலை செய்யும். ஜாஸ்காரருக்கு அது போதும் என்பது கொஞ்சம் ஆறுதல்.

வாசிக்கிற தரத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது: வீட்டில், வகுப்பில், ஒரு பேஸ் கிட்டாரும் மெதுவான டிரம்ஸும் சேர்ந்த சின்ன மேடையில், இந்த மலிவுப் பெட்டி ஜாஸுக்குக் குறை வைக்காது. வாங்கப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துக்கொண்டு போங்கள். எஃபெக்டை எல்லாம் அணைக்கச் சொல்லுங்கள். சத்தத்தை உங்கள் வீட்டில் வைக்கிற அளவுக்கு இறக்கி, ஒரே ஒரு ஒன்பதாம் கார்டை மெதுவாகத் தட்டி, அதன் ஐந்து ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் வாங்குங்கள், மீதிப் பணத்துக்கு நல்ல கம்பி போடுங்கள்.