கடல் கடந்த புழுங்கலரிசி

பிற மாநிலங்களில் குடியேறும் தமிழ்க் குடும்பத்தின் பேச்சு மாறுகிறது, உடை மாறுகிறது, உலையில் இடும் அரிசியும் மாறுகிறது. மூன்றாவது மாற்றத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், குடிபெயர்ந்த தமிழர் எவ்வரிசியை உண்டனர் என்பது ஒரு காலத்தில் உயிர்ப்பிரச்சினையாகவே இருந்தது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் உழைத்தோரைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், முடிவில் இதயம் தளர்ந்து நோயாளி மாள்வான். சீனத் தொழிலாளர் திரள்திரளாக இதற்கு இரையாயினர். அதே மண்ணில் வறுமையில் உழன்ற தமிழரோ பெரும்பாலும் தப்பினர். நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் இவ்வேற்றுமையை ஆராய்ந்து 1907-இல் நூலாக வெளியிட்டார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. தம் வீட்டிலேயே நெல்லைக் குற்றியுண்ட மலாய்க்காரரிடையேயும் இந்நோய் அரிதே. பச்சரிசி தேங்கிக் கிடக்கையில் அதில் நஞ்சு விளைகிறது என்று பிராடன் கருதினார். காரணம் பிழை, கண்ட காட்சி மெய்.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெச்சர் என்னும் மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பகுதியினருக்குச் சயாம் பச்சரிசியும், மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் அளிக்கப்பெற்றன. பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர்; புழுங்கலரிசி உண்டோரில் அந்நோயால் மாண்டவர் ஒருவருமிலர். குற்றம் கட்டடத்தினுடையதோ என ஐயுற்று இரு சாராரையும் இடம் மாற்றினார். நோய் அரிசியின் பின்னேதான் சென்றது.

இதன் நுட்பம் எளிது. தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் தவிட்டிலும் முளையிலும் மிகுதி. ஆலை அவ்விரண்டையும் சீவித் தள்ளுகிறது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்பொழுது அச்சத்தின் ஒரு பங்கு மணியின் உட்புறம் புகுந்து தங்கிவிடுகிறது; பின்னர் தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை.

நம் பாட்டிமார் உயிர்ச்சத்தை அறிந்து நெல் அவித்தார்கள் என்று பெருமை பேசுதல் வேண்டா. அவித்த நெல் குற்றும்போது நொறுங்குவது குறைவு. சோற்றுக்கு நீரூற்றி வைத்து மறுநாளும் உண்ணலாம். அவர்களுக்கு இக்காரணங்களே போதுமாயிருந்தன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு வேறொரு செய்தி சுவையளிக்கிறது. அக்காலத்து ஆங்கில ஏடுகள் புழுங்கலரிசியைக் 'க்யூர்ட் ரைஸ்' என்றன. பதப்படுத்தியது என்பதே அங்குக் கருத்து. நோய் தீர்ந்தது என்றும் அச்சொல்லுக்குப் பொருளுண்டு!

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. 1918-இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு குழுவினர் அன்றைய சென்னை மாகாணத்தையே ஆராய்ந்தனர். தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலவியது. புழுங்கலரிசி வழங்கிய தமிழ் மாவட்டங்களில் அது அரிது. பச்சரிசியைப் பலமுறை களைவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் எஞ்சிய சத்தும் நீரோடு போகிறது என்பதும் அவர்கள் கண்டதே. அவ்வாய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குகிறது.

இன்று பெரிபெரி அரிதாயிற்று; நீரிழிவு பெருகியிருக்கிறது. அதனைப் புழுங்கலரிசி மட்டும் தடுத்துவிடாது. தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல், நாளைய மொத்த ஆற்றலில் 45 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்று அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. சோற்றைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டுதலே வழி. தில்லியிலும் மும்பையிலும் நம்மவர் வீடுகள் பலவற்றில் புழுங்கலரிசி இட்லி மாவோடு நின்றுவிடுகிறது. இலையில் விழுவதோ வெள்ளைப் பச்சரிசி. பிள்ளைகள் புழுங்கல் வாடைக்கு முகம் சுளிப்பர். மாலைக் கஞ்சியாகப் பயற்றம்பருப்போடு சேர்த்துக் கொடுத்துத் தொடங்கலாம். ஒரு மணி நேரம் ஊறவைத்து, பச்சரிசிக்கு விடுவதைவிடக் கூடுதலாக நீர் விட்டு, வடிக்காமல் வேகவிட வேண்டும்.