தெசிமாவும் ஒரு சொல்லின் பிறப்பும்

ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தில் 1636-இல் அமைக்கப்பெற்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவு தெசிமா. 1641 முதல் டச்சு வணிகர் இத்தீவிலேயே குடியமர்த்தப்பட்டனர். நகருடன் தீவை இணைத்தது காவலுடைய ஒரே பாலம். இசைவின்றி அதனைக் கடத்தல் இயலாது. தலைமை வணிகர் ஆண்டுதோறும் எடோ நகர் சென்று ஷோகுனை வணங்கி வந்தார். 1790-க்குப் பின் இப்பயணம் நான்காண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று.

வணிகரின் அன்றாட வாழ்வு 'த்சூஜி' எனப்பட்ட மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்திருந்தது. இவர்கள் நம் துபாஷியரைப்போல் வணிகரின் ஆட்களல்லர். பரம்பரை உரிமையாகப் பதவி பெற்ற நாகசாகி ஆட்சியின் பணியாளர். எனவே பெயர்த்துரைத்தலும் கண்காணித்தலும் ஒருவரிடமே அமைந்தன. தொடக்கத்தில் போர்த்துகீசியமே இடைமொழியாக வழங்கிற்று. டச்சு மொழித் தேர்ச்சி படிப்படியாகவே வளர்ந்தது.

1690 முதல் 1692 வரை தெசிமாவில் மருத்துவராயிருந்த கெம்ப்ஃபர் ஜப்பானைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் ஒரு பகுதியை, த்சூஜி மரபினரான ஷிசுகி தடாவோ 1801-இல் டச்சு வழியாக ஜப்பானியத்தில் பெயர்த்தார். அப்போது அவர் ஆக்கிய சொல்லே 'சகோகு', அதாவது பூட்டிய நாடு. ஆகவே, பதினேழாம் நூற்றாண்டு ஆட்சியாளர் தம் கொள்கைக்கு இட்ட பெயராக இதனைக் கொள்ளுதல் பிழையாகும். அயலார் ஒருவரின் நோக்கே மொழிபெயர்ப்பின் வழி வரலாற்றுக் கலைச்சொல்லாக நிலைபெற்றது.