இருப்பது தமிழ்நாட்டில்... நிர்வகிப்பது கேரளா! பத்மநாபபுரம் அரண்மனையின் கதை என்ன?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்துல இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். சுற்றியுள்ள ஊர் தமிழ்நாடு. டிக்கெட் கொடுப்பதோ கேரள அரசு. ஏன் இப்படி?

யார் கட்டியது?

1601 வாக்கில் வேணாட்டு மன்னர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. இப்போது நாம் பார்க்கும் அரண்மனையின் பெரும்பகுதி 18-ம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா விரிவாக்கியது. 1750-ல் அவர் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். கல்குளம் என்ற ஊரின் பெயரும் பத்மநாபபுரம் ஆனது. ஆனால் தாலுகாவின் பெயர் இன்றைக்கும் கல்குளம்தான்!

கட்டடத்தில் என்ன ஸ்பெஷல்?

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால், தண்ணீர் சட்டென வழிந்தோடச் சரிவான ஓட்டுக்கூரை. உள்ளே எங்கு பார்த்தாலும் மரவேலைப்பாடு. முகப்பு மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் விதவிதமான பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மாடியில் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை. வெயில் உறுத்தாமல் இருக்க, அதன் ஜன்னல்களில் மைக்கா தகடுகள். கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புத் தரைக்குச் சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்ததாகச் சொல்கிறார்கள். நான்கு நிலை உப்பரிகை மாளிகையில் கீழே கருவூலம், உச்சியில் பூஜையறை. ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாமாம்.

கேரளாவிடம் போனது எப்படி?

18-ம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது குமரி தமிழகத்தோடு இணைந்தது. ஆனால் அரண்மனை மட்டும் கேரளாவிடமே இருந்துவிட்டது. கேரளத் தொல்லியல் துறைதான் இன்றுவரை பராமரிக்கிறது.

இதில் என்ன சவால்?

மரக் கட்டடத்துக்கு மழையும் கரையானும்தான் எதிரி. ஓர் ஓடு விலகினாலே கீழே இருக்கும் சிற்பம் நனைந்துவிடும். கட்டடத்தைக் காப்பது கேரளாவின் பொறுப்பு. வெளியே சாலை, பாதுகாப்பு போன்றவை தமிழகத்தின் பொறுப்பு. ரெண்டு பேரும் கைகோர்த்தால்தான் அரண்மனை நிலைக்கும். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தாலும், உலகப் பாரம்பரியச் சின்ன அந்தஸ்து இன்னும் கிடைக்கவில்லை.

இரு மாநிலமும் கைகோர்க்கும் நாள்!

ஒவ்வொரு நவராத்திரிக்கும் இங்குள்ள சரஸ்வதி அம்மன், வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை சிலைகள் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகும். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாற, இரு மாநிலப் போலீசும் சேர்ந்து மரியாதை செலுத்துவார்கள்.

போகும் ஐடியா இருக்கா? திங்கட்கிழமை விடுமுறை, மறந்துடாதீங்க!