மரத்திலிருந்து இறங்கிய ராணி: இருண்ட தேவதைக் கதை ஆடையானது எப்படி?

"பூ மாதிரி பொண்ணு" என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மென்மைதான் அழகு, ஆனா அதைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கணும் என்ற எண்ணமும் அந்தப் பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும். பல தேவதைக் கதைகளும் அப்படித்தான். இளவரசி காத்திருப்பாள், இளவரசன் வந்து காப்பாற்றுவான்.

பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் அந்தக் கதையைத் துணியில் மாற்றிச் சொன்னார்.

யார் இவர்?

1969இல் பிறந்தவர். அப்பா லண்டனில் டாக்சி ஓட்டுநர். பதின்ம வயதிலேயே, கோட்டு சூட்டுக்குப் பெயர்போன சாவில் ரோ வீதியில் தையல் கற்றார். 2010இல், 40 வயதில் காலமானார்.

உடையக்கூடிய ஆடை

2001ஆம் ஆண்டுக்கான அவரது தொகுப்பில், கடற்கரைச் சிப்பிகளால் ஆன ஓர் ஆடை இருந்தது. அதை அணிந்து வந்த மாடல், மேடையிலேயே சிப்பிகளைப் பிய்த்து எறிந்தார். இன்னோர் ஆடையில், நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகடுகள் ரத்தச் சிவப்பில் தொங்கின. தொட்டால் உடையும் பொருள்தான். ஆனா கிட்ட போகவும் பயம்!

ஓநாய் எங்கே?

2002இல், பாரிஸின் கான்சியர்ஜரி கட்டடத்தில் ஒரு காட்சி. பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத் சிறை வைக்கப்பட்ட இடம் அது. முக்காடு போட்ட மேலங்கியில் ஒரு பெண், ஓநாய் போன்ற நாய்களைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை ஞாபகம் வருதா? அதில் ஓநாயிடம் சிறுமி ஏமாறுவாள். இங்கே கயிறு அவள் கையில்.

மரத்தில் வாழ்ந்த பெண்

2008 தொகுப்பின் கதையை மெக்வீனே உருவாக்கினார். இங்கிலாந்தில் அவர் வீட்டுத் தோட்டத்தில் நின்ற பழைய எல்ம் மரம்தான் தொடக்கப்புள்ளி. இருட்டில், மரத்தில் வாழும் ஒரு பெண் கீழே இறங்கி வருகிறாள், இளவரசனைச் சந்திக்கிறாள், ராணியாகிறாள்.

காட்சியின் முதல் பாதியில் பெரும்பாலும் கறுப்பு. பிறகு சிவப்பு, தங்க நிறம், மயில் வடிவ லேஸ், நகைகள். இந்தியப் பயணத்துக்குப் பிறகு உருவான தொகுப்பு என்பதால், பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவின் ஆடம்பரம் அதில் தெரிந்தது. அந்தப் பளபளப்புக்குப் பின்னால் காலனி ஆட்சி என்ற இன்னோர் இருட்டும் உண்டு. அதையும் மறந்துவிட முடியாது.

இந்தக் கதையிலும் இளவரசன் வருகிறான். ஆனால் மரத்திலிருந்து யாரும் அவளைத் தூக்கி இறக்கவில்லை. அவளே இறங்கினாள்.

இன்றும் ஏன் பேசுகிறார்கள்?

2011இல் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகத்தில் அவரது ஆடைகளைக் காண 660,000க்கும் அதிகமானோர் வந்தனர். 2015இல் லண்டனிலும் பெருங்கூட்டம்.

அடுத்த முறை இருண்ட தேவதைக் கதை பாணியில் ஓர் உடையைப் பார்த்தால், நிறத்தோடு நின்றுவிடாதீர்கள். அதில் இருக்கும் பெண் காத்திருக்கிறாளா, நடந்து வருகிறாளா என்றும் பாருங்கள்.