நாயக்கர் காலத் திருச்சிராப்பள்ளியில் பெண்டிர் ஆட்சியும் உரிமையும்

ஆடவர்க்கு அரசும் போரும், பெண்டிர்க்கு மனையும் அறமும் என்னும் பாகுபாடு தமிழகத்தில் நெடுங்காலம் நிலவியது. பெண்டிர் சிலர் நாடாண்டமையைச் சுட்டி, அப்பாகுபாடு அக்காலத்தே தளர்ந்தது என்பாரும் உளர். ஆட்சி புரிதல் வேறு. ஆளும் உரிமை பெறுதல் வேறு. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்ட நாயக்க அரசியர் இருவர் வரலாற்றால் இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொக்கநாத நாயக்கன் காலத்தில் மதுரை நாயக்கர் தலைநகர் திருச்சிராப்பள்ளிக்கு மாறிற்று. அவன் 1682இல் இறந்தபொழுது அவன் தேவி மங்கம்மாள் உடன்கட்டை ஏறவில்லை. மகன் இளையனாய் இருந்தமையே காரணம் என்பர். அம்மகன் அரங்ககிருட்டின முத்துவீரப்பனும் 1689இல் வைசூரியால் மாண்டான். அவன் இறந்தபின் பிறந்த விசயரங்க சொக்கநாதனைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே அரசனாக்கி, அவன் சார்பில் ஏறத்தாழ 1706 வரை மங்கம்மாள் நாட்டை ஆண்டாள். முகலாயர்க்குத் திறை செலுத்தி நாட்டைக் காத்தாள். தளவாய் நரசப்பையன் தலைமையில் திருவிதாங்கூர்மீதும் தஞ்சைமீதும் படை விடுத்தாள். மைசூர் அரசன் காவிரியைத் தடுத்தபொழுது, முன்னாட் பகைவராகிய தஞ்சையாருடன் கூடி எதிர்க்க முனைந்தாள். எனினும் முடி பேரனுடையது, பொறுப்பே பாட்டியுடையது. மனைவியாக அன்றித் தாயாகவும் பாட்டியாகவும் நின்றமையாலேயே ஆட்சி அவள் கைக்கு வந்தது.

மக்கள் வழக்கில் உலவும் கதைகள் இதனினும் நுண்ணிய செய்தியை உணர்த்துவன. மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் பல. ஒருநாள் மறதியால் இடக்கையால் வெற்றிலை உண்டாள் என்றும், அக்குற்றத்திற்குக் கழுவாயாகவே இவ்வறங்களைச் செய்தாள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. திருமலை நாயக்கர் எழுப்பிய அரண்மனையை அவர்தம் பெருமிதத்திற்குச் சான்றாகக் கொண்ட அதே மரபு, அரசி செய்த பொதுப்பணிக்கு ஒழுக்கப் பிழையொன்றைக் காரணமாகக் கற்பித்தமை ஈண்டு நோக்கத்தக்கது. அமைச்சர் ஒருவரோடு அவளை இணைத்துப் பேசிய அலரும் இவ்வகையினதே. செயலால் அரசனுக்கு நிகரானவளை மதிப்பிட இல்லறப் பெண்ணின் அளவுகோலே கொள்ளப்பட்டது.

விசயரங்க சொக்கநாதன் 1732இல் மகப்பேறின்றி இறந்தான். அவனும் அவன் தேவியும் கைகூப்பி நிற்கும் உருவங்களைத் திருவரங்கக் கோயிலில் இன்றும் காணலாம். அவனுக்குப்பின் அவன் தேவி மீனாட்சி ஆட்சி ஏற்றாள். கைம்பெண்ணாகிய தன் பெயரால் மட்டும் அரசு நில்லாது என்றுணர்ந்து, பங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்தாள். அப்பங்காருவோ அரசுரிமை தனக்கே என்று எதிர்த்தான். அப்பூசலில் ஆர்க்காட்டுப் படை புகுந்தது. சந்தா சாகிபின் உறுதிமொழியை நம்பிய அரசி, 1736ஆம் ஆண்டளவில் கோட்டையை இழந்தாள். அவள் நஞ்சுண்டு மாண்டதாகக் கூறுவர். உட்பகையும் அயற்படையும் அவள் வீழ்ச்சிக்குக் காரணங்களே. ஆயினும் அப்பகைக்கு இடமளித்தது அவள் உரிமையின் ஐயப்பாடேயாம்.

ஆகவே, மரபு பெண்ணின் செயலுக்கு இடந்தந்தது. உரிமையை ஆண்மகவின் பெயரிலேயே வைத்துக்கொண்டது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளிர்க்குப் பங்களித்த 1989ஆம் ஆண்டின் தமிழகத் திருத்தமுமே உரிமையைப் பெண்ணின் பெயருக்கு மாற்றிய படிகள். திருவரங்கத்து அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் 2023இல் பெண்கள் மூவர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றனர். பயிற்சி பெறுதல் ஒன்று. கருவறையில் பூசனை புரியும் உரிமை மற்றொன்று. மாற்றத்தை அளப்பார் இவ்விரண்டனுள் எதனைக் கண்டோம் என முதற்கண் வினவுதல் வேண்டும்.