இடையில் மறைந்த பத்தாண்டுகள்



தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நான் எழுதுவது இதுவே முதன்முறை. 2022இல் எச்.பி.ஓ. வெளியிட்ட 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' முதற்பருவத்தை விடுமுறையில் பார்த்து முடித்தேன். (சிறுவருடன் அமர்ந்து பார்க்கத்தக்கதன்று, பெற்றோர் கவனிக்க.)

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 2018இல் வெளியிட்ட நூலைத் தழுவிய கற்பனைக் கதை இது. பழைய ஏடுகளை ஒப்புநோக்கி அறிஞர் ஒருவர் வரைந்த அரச வரலாறு போன்றது அந்நூல். வரலாற்று நூல் ஒரே வரியில் பத்தாண்டுகளைத் தாண்டினால் எவரும் வியப்பதில்லை. திரையில் அவ்வாறன்று. பத்துப் பகுதிகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடுகின்றன. ஐந்தாம், ஆறாம் பகுதிகளுக்கிடையே மட்டும் பத்தாண்டுகள் மறைகின்றன. இளவரசி ரெனேராவாகவும் அரசி அலிசென்டாகவும் நடித்தவர்களே மாறிவிடுகின்றனர்.

ஆறாம் பகுதியின் தொடக்கத்தில் ரெனேரா மகவை ஈன்றவுடனே, குழந்தையை உடனே காட்டுமாறு அரசியிடமிருந்து ஆணை வருகிறது. உதிரப்போக்கு நிற்காத உடலுடன் அவளே குழந்தையை ஏந்திப் படியேறுகிறாள். இருவரும் ஒருகாலத்தில் இணைபிரியாத் தோழியர்! காட்டப்படாத பத்தாண்டுப் பகை அந்தப் படிக்கட்டிலேயே விளங்கிவிடுகிறது. மன்னர் விசேரிசின் உடலோ ஒரு நாட்காட்டி; ஒவ்வொரு தாவலிலும் நோய் அதில் ஒரு பங்கைத் தின்றிருக்கும்.

இழப்பும் உண்டு. வளர்ந்த பெண்ணாக லேனா ஆறாம் பகுதியில் தோன்றி, அதிலேயே மடிகிறாள். பழகாத ஒருத்திக்காக நாம் எவ்வாறு அழுவது?

இக்கதைக்கு வித்தான இங்கிலாந்து வரலாற்றிலும் இதே இடர் உள்ளது. 1120இல் முதலாம் ஹென்றியின் பட்டத்து மகன் கப்பல் மூழ்கி இறந்தான். 1127இல் மகள் மட்டில்டாவை ஏற்பதாகப் பிரபுக்கள் உறுதிமொழி அளித்தனர். 1135இல் மன்னர் மறைந்ததும், உறுதியளித்த ஸ்டீபனே முடிசூடிக்கொண்டார். ஆண்டுகளை மட்டும் படித்தால் இது வெறும் துரோகம். ஆனால் 1128இல் நார்மன் பிரபுக்கள் வெறுத்த ஆன்ஜு நாட்டு ஜெஃப்ரிக்கு அவளை மணமுடித்தனர். கோட்டைகள் குறித்துத் தந்தையோடு பிணக்கும் மூண்டது. அவர் இறந்தபோது அவள் இங்கிலாந்தில் இல்லை. போர் விளைந்தது அந்த இடைவெளியில்தான்.

முன்பொருநாள் வகுப்பில், மலாக்காவைப் போர்த்துக்கீசியர் பிடித்தது 1511, ஒல்லாந்தர் பிடித்தது 1641 என்று கரும்பலகையில் எழுதினேன். "டீச்சர், நடுவுல 130 வருசம் அங்க இருந்தவங்க என்ன செஞ்சாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். "அது சோதனையில் வராது" என்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். பிறகு என் வகுப்பில் அவள் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

நீனா சத்து என்னும் தமிழ் வணிகரைப் போர்த்துக்கீசியர் பெண்டாஹாராவாக அமர்த்தியதையும், 1514இல் அப்பதவி பறிபோக, அவர் தீக்குளித்து மாண்டதையும் அன்றே நான் சொல்லியிருக்கலாம். இப்போது வகுப்புச் சுவரிலுள்ள காலக்கோட்டில், 1511க்கும் 1641க்கும் இடையே இரண்டு முழ வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன். முதல் பெயராக அவருடையதை எழுதியாயிற்று.