கைப்பழக்கமும் எழுத்துக் குறியீடும்

கணினி நிரல் எழுதுவோரிடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஒரு பூசல் நிலவி வருகின்றது. 1976ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் பில் ஜோய் ஆக்கிய வீஐ என்னும் தொகுப்பி சிறந்ததா, அதே காலத்தில் றிச்சட் ஸ்டோல்மன் முதலியோர் ஆக்கிய ஈமாக்ஸ் சிறந்ததா என்பதே அப்பூசல். வீஐயில் சுட்டியை நகர்த்துதற்கு எச், ஜே, கே, எல் என்னும் விசைகள் பயன்படுகின்றன. ஜோய் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகள் அவ்விசைகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தன. முனையம் வழக்கொழிந்தது, பழக்கம் ஒழியவில்லை.

இத்தகைய பற்றுக்குத் தமிழ் பேசுவோரிடையேயும் ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் 1886இல் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சின் விசைவரிசையை வகுத்தார். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை அமைத்தல் இயலாதாகையால் குறிகள் தனியே பிரிக்கப்பட்டன. கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலே, 'கெ' என எழுத முதலிற் கொம்பும் பின்னர்க் ககரமும் அழுத்தப்பட்டன. கணினி வந்தபோது இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு, பெரும்பாலும் அவ்வரிசையையே தழுவியது. ஆகவே தட்டச்சுப் பயின்ற விரல்கள் மீண்டும் கற்க வேண்டியிருக்கவில்லை. தமிழகத்திலோ 1999இல் தமிழ் 99 என்னும் வேறொரு விசைப்பலகை தரமாக ஏற்கப்பட்டது. எனினும், பழகிய கை எளிதில் மாறுவதில்லை.

ஆயின், ஈண்டு இரு வேறு பொருள்களைப் பிரித்து நோக்குதல் வேண்டும். விசைவரிசை என்பது கையின் பழக்கம்; குறியீடு என்பது ஏட்டின் இருப்பு. பாமினியில் எழுதப்பட்ட கோப்பு உண்மையில் ஆங்கில எழுத்துகளின் கோவையே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குவியலாகும். அதனுள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக் காண்டலும் அரிது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

இவ்வேறுபாடு அட்டாளைச்சேனைக்கும் உரியதே. 1995இல் இவ்வூரிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனமே பின்னர் ஒலுவிலில் நிலைபெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஊரின் வரலாற்றை நாளை எழுதப் புகுவோர்க்குப் பாடசாலை மலர்களும் பள்ளிவாசல் அறிக்கைகளுமே சான்றுகளாகும். அவற்றுட் பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிக் காத்தல் இன்றியமையாதது. பாமினி விசைவரிசையிலேயே தட்டி ஒருங்குறியிற் சேமிக்கும் மென்பொருள்களும் உள. எனவே பற்றைக் கைவிட வேண்டியதில்லை. அது விரலளவில் நிற்பின் தீங்கில்லை, ஏட்டினுட் புகுந்தாலோ வரலாறே மறையும்.